ஓடுகிறவளின் நாடி

பொழுது புலர்வதற்கு முன்னால் கடையத்தில் எழுந்து சாலைக்கு வந்து நின்றால், மேற்கே மலைத் தொடர் ஒரு பெரிய மதில் சுவரைப் போல் இருட்டில் கறுத்து நிற்பது தெரியும். ராமநதியும் ஜம்புநதியும் பாயும் பூமி அது. குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் இங்கேயும் காற்றில் ஈரம் வந்து முகத்தில் தட்டும். 1918-ம் வருஷக் கடைசியில், புதுச்சேரி வாசத்தை முடித்துக் கொண்டு வெளியே வந்த பாரதியார், சிறைவாசத்துக்குப் பிறகு வந்து சேர்ந்தது இந்த ஊருக்குத்தான். செல்லம்மாளின் பிறந்தகம் அல்லவா? 1920-ல் சென்னைக்குப் போகும் வரையில் அவருடைய வாசம் இங்கேயே இருந்தது. குழந்தைகள் ஓடியாடித் திரிய வேண்டும் என்று பாடிய கவி அவர். இன்று தமிழ் நாட்டின் எந்தச் சிற்றூர்ச் சாலையிலும் விடியற்காலையில் காணும் காட்சியை அவர் பார்த்திருந்தால் மீசையை முறுக்கிக் கொண்டு சந்தோஷப்பட்டிருப்பார்.

வாலிபர்கள் ஓடுகிறார்கள். வேடிக்கைக்காக அல்ல, வயிற்றுப் பிழைப்புக்காக. தமிழ் நாட்டில் காவலர் உத்தியோகத்துக்கு வருகிற ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிஷத்துக்குள் ஓடிக் காட்டியாக வேண்டும். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் முகாம்களிலும் ஓட்டந்தான் முதல் வாசற்படி. அவர்களோடு இப்போது பெண்களும் ஓடுகிறார்கள். பாட்டிமார்கள் திண்ணையில் உட்கார்ந்தபடி, "இதென்ன கூத்து!" என்று கேட்ட காலம் போய், "இன்றைக்கு ஏன் ஓடப் போகவில்லை?" என்று கேட்கிற காலம் வந்துவிட்டது.

அப்படி ஓடுகிற ஒரு பெண்ணைப் பற்றித்தான் இன்று எழுத எண்ணம். பெயர் வேண்டாம், எந்த ஊரிலும் இருக்கக் கூடிய பெண்ணாக அவளை மனத்தில் கற்பித்துக் கொள்வோம். வயது பதினேழு. மாவட்டப் பந்தயத்தில் 3000 மீட்டர் ஓட வேண்டும் என்று ஆசை. ஆறு மாதமாகத் தவறாமல் ஓடுகிறாள். முதல் நாலு மாதம் நாளுக்கு நாள் முன்னேற்றம். பிறகு என்ன காரணமோ, அதே சாலை, அதே வேகம், அதே தூரம். ஆனால் கால் இரண்டும் ஈயக் குண்டாகக் கனக்கின்றன. முன்பெல்லாம் ஓடி நின்றதும் நாடி 150 அடிக்கும், இப்போது 175. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. வீட்டில் ஒருவர் திருஷ்டி என்கிறார். இன்னொருவர் பரீக்ஷைப் பயம் என்கிறார். பயிற்சி ஆசிரியரோ, "சோம்பல் வந்துவிட்டது, இன்னும் இரண்டு சுற்று ஓடு!" என்கிறார்.

இந்த மூன்று தீர்ப்புகளும் பெரும்பாலும் தவறு. அவற்றில் மிகவும் ஆபத்தானது மூன்றாவது.

நாடி என்ற சொல் இந்தப் பக்கத்து மண்ணுக்கு அந்நியமானது அன்று. அகத்தியர் பொதிகை மலையில் வாழ்ந்தார் என்பது நம் ஐதிகம். கடையத்துக்கும் தென்காசிக்கும் இடையே நிற்கும் தோரணமலையில் அகத்தியரும் அவருடைய சீடரான தேரையரும் வைத்திய ஆராய்ச்சி செய்தார்கள் என்று இன்றும் சொல்லுகிறார்கள். சித்த வைத்தியர் நோயாளியின் கையைப் பிடித்து, மூன்று விரலை வைத்து, கண்ணை மூடிக் கொண்டு கேட்பதற்கு நாடி பார்த்தல் என்று பெயர். நாம் இங்கே பார்க்கப் போவது அவ்வளவு நுட்பமான கலை அல்ல. கைக் கடிகாரமும் பெருக்கல் வாய்ப்பாடும் போதும். பதினைந்து விநாடியில் எத்தனை துடிப்பு என்று எண்ணி நாலால் பெருக்க வேண்டியதுதான்.

இருதயம் ஓர் இறைக்கும் யந்திரம். சும்மா இருக்கும்போது ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறக்குறைய 5 லிட்டர் ஆயிற்று. ஓடும்போது தசைகளுக்குப் பிராணவாயு அதிகம் வேண்டியிருப்பதால் நிமிஷத்துக்கு 20 லிட்டருக்கும் மேல் இறைக்க நேரிடும். இதை இரண்டு வழியில் செய்யலாம்: ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளலாம்; அல்லது அதிகத் தடவை துடிக்கலாம். நன்றாகப் பழகிய ஓட்டக்காரரின் இருதயம் முதல் வழியில் கெட்டிக்காரத்தனம் பெற்றிருக்கும். அதனால்தான் அவர் படுத்திருக்கும்போது நாடி 50-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆக, வேகம் கூடாமல் துடிப்பு மட்டும் கூடினால் அதற்கு ஒரே அர்த்தந்தான் உண்டு. ஒவ்வொரு துடிப்பும் முன்போல் வேலை செய்யவில்லை. குறைந்ததை எண்ணிக்கையால் ஈடு கட்ட இருதயம் பாடுபடுகிறது. சோம்பேறி செய்கிற காரியமா இது?

ஏன் முன்போல் வேலை நடக்கவில்லை என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. நம் நாட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று வானத்திலிருந்து வருகிறது. மற்றது அடுக்களையிலிருந்து வருகிறது.

வெயில்

நாம் சாப்பிட்ட சாதத்தின் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் ஓட்டமாக மாறுகிறது. மீதி முழுவதும் உஷ்ணம். அந்த உஷ்ணத்தை வெளியேற்றாவிட்டால் மனிதன் சீக்கிரமே வெந்து போவான். ஆகையால் உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. வியர்வையை வெளியே விடுகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கலோரி அளவுக்கு உஷ்ணம் போய்விடும். அற்புதமான ஏற்பாடுதான். ஆனால் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. வியர்வை என்பது ரத்தத்திலிருந்து வடித்த நீர். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டரோ அதற்கு மேலோ வடிந்துவிட்டால், இருதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது. பாதி நிரம்பிய வாளியை இறைக்கிறவன் நடை அதிகம் நடக்க வேண்டியது போல், இருதயமும் அதிகம் துடிக்க வேண்டியதாகிறது. சீரான வேகத்தில் ஓடுகிறவருக்கு முதல் பத்து நிமிஷத்துக்குப் பிறகு நாடி மெல்ல மெல்ல மேலேறிக் கொண்டே போவதை விஞ்ஞானிகள் வெகு நாளாகக் கவனித்திருக்கிறார்கள். உஷ்ண காலத்தில் ஒரு மணி நேர ஓட்டத்தில் 10, 20 துடிப்புக் கூடுவது சாதாரணம்.

காற்றில் ஈரம் மிகுந்திருந்தாலோ, வியர்வை ஆவியாகாமல் தரையில் சொட்டி வீணாகிறது. ரத்தத்தின் நீரும் போயிற்று, உஷ்ணமும் போகவில்லை. கடற்கரைப் பட்டணங்களில் காலை ஆறு மணிக்கே ஓட்டக்காரர் களைத்துப் போவதன் ரகசியம் இதுதான்.

இதற்கு நம் தேசத்து உதாரணம் ஒன்றை எல்லாரும் அறிவார்கள். கேரளத்து வயநாட்டில் பிறந்த ஓ. பி. ஜெய்ஷா 2015 ஆகஸ்டில் பீக்கிங் நகரத்தில் நடந்த உலகப் பந்தயத்தில் மாரத்தான் ஓடினார். 42 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை 2 மணி 34 நிமிஷம் 43 விநாடியில் கடந்து, இந்தியப் பெண்களில் அதுவரை யாரும் செய்யாத சாதனையைச் செய்து பதினெட்டாவதாக வந்தார். அடுத்த வருஷம் அதே ஆகஸ்டு மாதம், ரியோ ஒலிம்பிக்கில் அதே தூரத்துக்கு அவருக்கு 2 மணி 47 நிமிஷம் 19 விநாடி ஆயிற்று. 89-வது இடம். கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். வெயில் கொளுத்திய அன்று வழியில் தமக்கு நம் தேசத்துச் சாவடிகளில் தண்ணீர் கொடுக்க ஒருவரும் இல்லை என்று பிறகு அவர் சொன்னார். தனிப் பானம் வேண்டாம் என்று அவர் தரப்பில்தான் சொல்லப்பட்டது என்று தடகள சம்மேளனம் பதில் சொல்லிற்று. விசாரணைக் கமிட்டியும் ஏற்பட்டது. யார் சொன்னது சரி என்ற வழக்கில் நாம் தீர்ப்புக் கூறப் போவதில்லை. ஒரு வருஷத்தில் பன்னிரண்டரை நிமிஷம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு, "மனோதிடம் குறைந்துவிட்டது" என்று யாராவது பதில் சொன்னால் அவரை மத்தியான வெயிலில் இரண்டு கிலோமீட்டர் ஓட விட்டுப் பிறகு பேசச் சொல்லலாம்.

அதே ரியோவிலிருந்து திரும்பிய இன்னொரு வீராங்கனை சுதா சிங்குக்கு ஜுரம் கண்டு, அது பன்றிக் காய்ச்சல் என்று தெரிய வந்தது. ஜுரம் வெளிப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பே நாடி வேகம் கொள்வது உண்டு. காரணம் தெரியாத களைப்பின் பட்டியலில் இதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

ஜெய்ஷா பிழைத்தார். பிழைக்காதவர்களும் உண்டு. 2024 ஆகஸ்டு 22-ந் தேதி முதல் ஜார்க்கண்டு மாநிலத்தில் கலால் காவலர் வேலைக்கு உடல் தகுதிப் பரீக்ஷை நடந்தது. ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டும். ஆவணி மாதத்துப் புழுக்கம். இரவெல்லாம் பிரயாணம் செய்து, சரியான ஆகாரமில்லாமல், வரிசையில் நின்று, வெயில் ஏறிய பிறகு ஓடியவர்கள் எத்தனை பேரோ! சில தினங்களில் பத்துக்கு மேற்பட்ட வாலிபர்கள் மாண்டார்கள். பிறகு சர்க்கார் பரீக்ஷையைச் சில நாள் நிறுத்தி வைத்தது. காலை 9 மணிக்கு மேல் ஓட்டம் கூடாது என்றும், ஓட வருகிறவர்களுக்கு ஆகாரம் அளிக்க வேண்டும் என்றும் உத்தரவு பிறந்தது. இவ்வளவு சாதாரணமான உத்தரவு பிறப்பதற்கு அத்தனை உயிர்கள் போக வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. வேலையில்லாத வாலிபன் ஒருவனுக்கு நாடி எகிறும்போது நிற்கத் தோன்றாது. நின்றால் வேலை போய்விடும் அல்லவா? நிறுத்துகிற பொறுப்பு பரீக்ஷை நடத்துகிறவர்களுடையது.

வெயிலுக்கு உடம்பு பழகும். தினம் கொஞ்சமாக வெயிலில் ஓடினால் பத்துப் பதினாலு நாளில் ரத்தத்தின் நீர்ப் பாகம் பெருகி, வியர்வையும் சீக்கிரமாகத் துவங்கி, நாடி இறங்கிவிடும். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. குறைவது போலவே கூடுவதும் ஆபத்து. 2002-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடி முடித்தவர்களில் 488 பேருடைய ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 100-க்கு 13 பேருக்கு அளவுக்கு மீறிக் குடித்ததால் ரத்தத்தில் உப்புக் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடிப்பதே உத்தமம். நம் பாட்டிமார்களின் உப்புப் போட்ட மோரையும் நீராகாரத்தையும், விலை உயர்ந்த வர்ண பாட்டில்களைக் கண்டு மறந்துவிட வேண்டியதில்லை.

ஆனால் நம் கதாநாயகி விடியற்காலையில் அல்லவா ஓடுகிறாள்? காற்றும் குளுமையாக இருக்கிறது. ஜுரமும் இல்லை. அப்படியானால் அடுத்த சந்தேகத்துக்குப் போக வேண்டும்.

ரத்தம்

பிராணவாயுவைச் சுமப்பது ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் சிவப்புப் பொருள். அதன் உயிர்நாடி இரும்பு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1.34 மில்லி லிட்டர் பிராணவாயுவைத் தூக்கும். ஸ்திரீகளுக்கு 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்று உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்திருக்கிறது, ஆண்களுக்கு 13. இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். நம் பெண்ணுக்கு 13 கிராம் இருந்த காலத்தில் மெதுவான ஓட்டத்துக்கு 130 துடிப்புப் போதுமாக இருந்தது என்று வைத்துக் கொள்ளலாம். இப்போது 10 கிராம். பத்து வண்டி வந்த இடத்தில் பதின்மூன்று வண்டி வந்தால்தான் அதே சரக்கு வந்து சேரும். 130 துடிப்பு 169 ஆகிவிடும். உடம்பு வேறு சில உபாயங்களும் செய்து கொள்ளுமாதலால் கணக்கு இவ்வளவு கறாராக நடக்காது. என்றாலும் அவளுடைய நாடி ஏன் எகிறுகிறது என்பது விளங்கிவிடுகிறது.

இது அபூர்வ வியாதி என்று எண்ண வேண்டாம். 2019-21-ல் எடுத்த தேசீயக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்குச் சோகை. நம் தமிழ் நாட்டில் 100-க்கு 53 பேருக்கு மேல். ஓடாமல் வீட்டில் இருக்கிறவளுக்கு இது வெளியே தெரியாது. "எப்போதும் அசதிதான்" என்று சொல்லிக் கொண்டே சமைத்துப் போட்டுக் காலம் தள்ளிவிடுவாள். ஓடுகிறவளுக்குத்தான் கடிகாரம் காட்டிக் கொடுக்கிறது. ஒரு விதத்தில் பார்த்தால், அந்தப் பெண்ணின் களைப்பு அவள் வீட்டிலுள்ள எல்லா ஸ்திரீகளுடைய களைப்பையும் அம்பலமாக்குகிறது என்று சொல்லலாம்.

மனித உடம்பில் உள்ள மொத்த இரும்பு மூன்று நாலு கிராம். ஒரு சிறிய ஆணி செய்யப் போதும்; அவ்வளவுதான். அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தில் இருக்கிறது. ஸ்திரீகளுக்கு மாதந்தோறும் சுமார் 15 மில்லிகிராம் இழப்பு உண்டு. சிலருக்கு அதற்கு மேலும். ஓட்டமோ இன்னும் சில ஓட்டைகளைத் திறந்து விடுகிறது. வியர்வையிலும் குடலிலும் கொஞ்சம் போகும். 1881-ல் ஜெர்மானியச் சிப்பாய் ஒருவன் நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த பின் சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போனதை பிளெய்ஷர் என்ற வைத்தியர் எழுதி வைத்தார். கெட்டித் தரையில் பாதம் ஆயிரக் கணக்கான தடவை அறைபடும்போது அங்குள்ள நுண்ணிய குழாய்களில் சிவப்பு அணுக்கள் நசுங்கி உடைந்து போகின்றன என்பது வெகு காலம் கழித்துத்தான் விளங்கிற்று. தார்ச் சாலையில் தேய்ந்த செருப்போடு ஓடுகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். இத்தனை இழப்பும் போதாதென்று, கடுமையாக ஓடிய பின் மூன்று மணி முதல் ஆறு மணி நேரம் வரை, ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஒரு பொருள் மிகுந்து, குடல் வாசலில் நின்று இரும்பை உள்ளே வர விடாமல் தடுக்கிறது.

ரத்தம் குன்றி வெளுத்துப் போவதைச் சித்த வைத்தியர்கள் பாண்டு என்பார்கள். அதற்கு அன்னபேதிச் செந்தூரமும் அயச் செந்தூரமும் கொடுப்பார்கள். அன்னபேதி என்பது என்ன? இரும்பும் கந்தகமும் சேர்ந்த உப்பு. இங்கிலீஷ் வைத்தியர் எழுதிக் கொடுக்கும் மாத்திரைகளில் பலவற்றுக்கும் மூலப் பொருள் அதே இரும்பு உப்புத்தான். இதைக் கேட்டு நாம் கொஞ்சம் மார் தட்டிக் கொள்ளலாம். ஆனால் 100-க்கு 53 என்ற கணக்கை மறந்துவிட்டு அல்ல.

சோகைக்கு இரும்புக் குறைவு ஒன்றே காரணம் என்பதும் இல்லை. லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928-ல் பம்பாய்க்கு வந்து, பஞ்சாலைத் தொழிலாளிகளான ஏழைக் கர்ப்பிணிகளைத் தாக்கிய ஒரு வகைச் சோகையை ஆராய்ந்தார். நம் நீலகிரியிலுள்ள குன்னூர் ஆராய்ச்சிசாலையிலும் வேலை செய்தார். மார்மைட் என்னும் மலிவான ஈஸ்டுச் சாரத்தைக் கொடுத்ததும் அந்தப் பெண்களின் ரத்தம் ஊறிற்று. 1931-ல் இதை அவர் வெளியிட்டார். அந்தச் சாரத்திலிருந்த பொருளுக்கு 1941-ல் போலிக் அமிலம் என்று பெயர் வந்தது. இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து. கீரையில் இருப்பதாயிற்றே! அந்நிய ஆட்சியில் ஆலைகளுக்கு உழைத்த பெண்களுக்குக் கீரையும் கிடைக்கவில்லை என்பதை உலகத்துக்கு எடுத்துக் காட்டியது ஓர் ஆங்கிலப் பெண்மணியின் ஆராய்ச்சி என்பது சரித்திரத்தின் வேடிக்கைகளில் ஒன்று. இன்று நம் பள்ளிக் கூடங்களில் வாரம் ஒன்றாகப் பெண்களுக்குக் கொடுக்கும் மாத்திரையில் இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. வயிற்றைப் புரட்டுகிறது என்று அதை விழுங்காமல் விட்டுவிடுகிற பெண்கள் உண்டு. அது பிடிவாதமல்ல; உண்மையாகவே புரட்டும். வெறும் வயிற்றில் சாப்பிடாமல் உணவுக்குப் பின் சாப்பிடச் சொன்னால் பாதிப் பேர் விழுங்கிவிடுவார்கள்.

அமெரிக்காவில் 1983-ல் செய்த ஒரு பரிசோதனை நம் வீடுகளில் கலகத்தை உண்டாக்கக் கூடியது. சாப்பாட்டோடு காப்பி குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது 100-க்கு 39 பங்கு குறைந்து போயிற்று. தேயிலை குடித்தால் 64 பங்கு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் காப்பி குடித்தால் நஷ்டமில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலோ நஷ்டம் உண்டு! சாப்பிட்டு ஏப்பம் விட்டதும் டம்ளரைத் தேடும் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். நெல்லிக்காயும் எலுமிச்சம் பழமும் இதற்கு நேர் மாறாக, இரும்பை உள்ளே அழைத்து வருகின்றன. கீரையின் மேல் எலுமிச்சம் பழம் பிழிந்து கொள்வதற்குச் செலவு ஒன்றும் ஆகிவிடாது.

ஸ்திரீகளின் களைப்பு

பெண்ணின் களைப்புக்குக் காரணம் தேடாமல் தீர்ப்புச் சொல்லுகிற வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில், ஜெய்பால் சிங்கின் தலைமையில் தியான் சந்த் முதலியவர்கள் ஹாக்கியில் தங்கப் பதக்கம் வென்று அடிமை நாட்டுக்குத் தலை நிமிர்வைத் தேடித் தந்தார்கள். அதே ஒலிம்பிக்கில் முதல் முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு ஜயித்தார். ஓடி முடித்ததும் சிலர் இளைப்பாறத் தரையில் சாய்ந்தார்கள். அவ்வளவுதான்! பத்திரிகைகள், பெண்கள் கூண்டோடு மயங்கி விழுந்ததாகவும், இது அவர்களுக்குத் தகாத காரியம் என்றும் எழுதித் தள்ளின. பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். 1960-ல்தான் அது திரும்பி வந்தது. மாரத்தான் ஓடப் பெண்களை ஒலிம்பிக்கில் அனுமதித்தது 1984-ல், லாஸ் ஏஞ்சல்ஸில். பி. டி. உஷா ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலப் பதக்கத்தைப் பறிகொடுத்த அதே ஒலிம்பிக்.

ஆண்கள் தரையில் சாய்ந்தால் வீரம். பெண்கள் சாய்ந்தால் பலவீனம். இந்த நியாயத்தின் மறு பக்கந்தான், "சோம்பல், இன்னும் இரண்டு சுற்று ஓடு" என்பது.

நம் மாநிலத்தில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த சூர்யா 2016-ல் கௌஹாத்தியில் நடந்த தெற்காசியப் பந்தயத்தில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அதே ஜில்லாக்காரரான லட்சுமணன் 2017-ல் புவனேசுவரத்தில் ஆசியப் பந்தயத்தில் அவ்விரண்டு தூரங்களிலும் தங்கம் வென்றார். கிராமத்து மண்ணிலிருந்து இப்படிப்பட்டவர்கள் கிளம்புகிறார்கள். கிளம்பாமலே நின்று போனவர்களின் கணக்கை யாரும் எடுத்ததில்லை. அவர்களில் எத்தனை பேருக்குக் குறைவு மனத்தில் இருந்தது, எத்தனை பேருக்கு ரத்தத்தில் இருந்தது?

என்ன செய்வது?

முதலாவதாக, அந்தப் பெண்ணிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுக்க வேண்டும். காலையில் கண் விழித்ததும் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் நாடியை எண்ணி எழுதட்டும். வழக்கத்தைக் காட்டிலும் பத்துத் துடிப்பு அதிகமாகப் பல நாள் தொடர்ந்து இருந்தால் ஏதோ விஷயம் இருக்கிறது. தூக்கம் போதவில்லையா, ஓட்டம் அளவு மீறிவிட்டதா, ஆகாரம் குறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மெலிந்தால் வேகம் வரும் என்று எண்ணிப் பட்டினி கிடக்கும் பெண்களுக்கு மாத விலக்கே நின்று போவதுண்டு. அது நல்ல செய்தி என்று சந்தோஷப்படக் கூடாது. உடம்பு கடையைக் கட்டத் தொடங்கிவிட்டதன் அடையாளம்.

அடுத்தபடி ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபினோடு பெரிட்டின் என்பதையும் பார்க்கச் சொல்ல வேண்டும். முன்னது அடுப்பில் எரியும் விறகு. பின்னது பரணில் உள்ள விறகு. பரண் காலியான பிறகுதான் அடுப்பு அணையும். ஆகையால் ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று கேட்டுத் திரும்பி வந்துவிட்டால் பாதி விஷயம் தெரியாமலே போகலாம். ஜுரம் இருக்கும்போது பெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். அப்போது பார்த்துப் பயனில்லை. நேர் மாறான ஒரு மயக்கமும் உண்டு. நன்றாகப் பயிற்சி செய்கிறவர்களுக்கு ரத்தத்தின் நீர்ப் பாகம் பெருகுவதால் ஹீமோகுளோபின் கொஞ்சம் தாழ்ந்து தோன்றும். அது வியாதி அல்ல. இந்த நுட்பங்களுக்காகத்தான் வைத்தியர் வேண்டும் என்கிறோம். கடையில் தாமாகவே இரும்பு மாத்திரை வாங்கி மாதக் கணக்கில் விழுங்குவது தவறு; மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை. கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் நாடி ஓடும். அதையும் வைத்தியர் பார்த்துக் கொள்வார்.

ஓடும்போது மார்பு வலித்தாலோ, கண் இருண்டு விழுந்தாலோ, நாடி திடீரென்று தாளம் தப்பி அடித்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ, நோட்டுப் புத்தகத்துக்கும் கீரைக்கும் காத்திருக்கக் கூடாது. அன்றே ஓட்டத்தை நிறுத்தி இருதயப் பரிசோதனைக்குப் போக வேண்டும். டெங்கு, கொரோனா போன்ற ஜுரங்கள் சில சமயம் இருதயத் தசையையே தாக்கிவிடுமாதலால், ஜுரம் விட்ட மறு நாளே ஓடுகிற வீராப்பும் வேண்டாம்.

இரும்புக் குறைவுதான் என்று தெரிந்துவிட்டால் வைத்தியம் சுலபம், ஆனால் மெதுவானது. சில வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறத் தொடங்கும். பரண் நிரம்ப மூன்று மாதமாவது ஆகும். அதற்குள் பந்தயம் ஒன்றோ இரண்டோ வந்து போய்விடும். பயிற்சி ஆசிரியர் முகத்தைச் சுளிப்பார். அந்த மூன்று மாதமும் அவள் மெதுவாகவே ஓடட்டும். பேசிக் கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். நோட்டுப் புத்தகத்தில் 175 என்று எழுதிய இடத்துக்குக் கீழே ஒரு நாள் 168 என்று எழுதுவாள். பிறகு 160. அந்தப் பக்கத்தைப் பயிற்சி ஆசிரியரிடம் கொண்டு போய்க் காட்டுகிற வேலையை அவளுடைய பாட்டியிடம் ஒப்படைத்துவிட்டால், மற்றதைப் பாட்டி பார்த்துக் கொள்வாள்.